அடுப்பில் வெறும் தண்ணீர்

அத்தியாயம் 7

யாரினா பேசாமல் வண்டி ஓட்டினால் ஒன்று டயர் பஞ்சராகியிருக்கும், இல்லாவிட்டால் அவளுக்கு உடம்பு முடியவில்லை என்று அர்த்தம். அன்றைக்கு இரண்டும் இல்லை. அதனால் உக்ரைனின் சூமி நகரத்திலிருந்து எல்லையோர வெர்பிவ்கா கிராமம் வரைக்கும் ஹொர்தியின் காதுக்கு ஓய்வே கிடைக்கவில்லை.

"பாஸ், நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு பாருங்க. ஒரு அம்மா மூணு தடவ நாலு பேர் உசுரக் காப்பாத்தியிருக்காங்க. அதுக்காக அவங்களப் பிடிச்சு உள்ள போடணும். அதானே?"

"உள்ள போடறது நாம இல்ல. பாதுகாப்புத் துறை மேஜர். மத்தியானம் வந்துடுவார். அதுக்குள்ள நாம விசாரிச்சு முடிக்கணும்."

"அப்ப அவர் சாப்பாடு, நாம ஊறுகாய்."

ஹொர்தி சிரிக்கவில்லை. எரிவாயுக் கம்பெனியின் விசாரணை அதிகாரி வேலையில் அவர் தலை நரைத்ததுதான் மிச்சம். யாரினா யுத்தத்தின் முதல் வருஷம் ராணுவ ஆம்புலன்ஸ் ஓட்டியவள். ஒரு குண்டு அவளுடைய இடது காதைச் செவிடாக்கிவிட்டது. வாய்க்கு எந்தச் சேதமும் இல்லை.

விவகாரம் இதுதான். வெர்பிவ்கா எரிவாயு அளவீட்டு நிலையத்தில் பவ்லீனா என்று ஒரு பெண்மணி. தினமும் காலை பத்து மணிக்கு எல்லைக்கு அந்தப் பக்கத்து நிலையத்தோடு போனில் பேசுவது அவள் வேலை. ஆமாம், எதிரியோடுதான். ரஷ்யாக்காரன் எரிவாயு விற்கிறான், ஐரோப்பாக்காரன் வாங்குகிறான், நடுவில் கிடப்பது நம் மண். எவ்வளவு வாயு அனுப்பினான், எவ்வளவு வந்து சேர்ந்தது என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால்தான் யாருக்கும் காசு. ஒரு பக்கம் பீரங்கி, ஒரு பக்கம் போன். இந்தக் கூத்து யுத்தம் தொடங்கிய நாள் முதல் நின்றதே இல்லை.

பழுது பார்க்கும் குழுவின் மேஸ்திரி திமிஷ் ஒரு புகார் கொடுத்திருந்தான். குழு மேட்டுச் சாலை வழியாக வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் பவ்லீனா ஏதாவது சாக்கு சொல்லி நிறுத்துகிறாள். கொஞ்ச நேரத்தில் அதே மேட்டுச் சாலையில் குண்டு விழுகிறது. ஒரு தடவை என்றால் அதிர்ஷ்டம், மூன்று தடவை என்றால்? எதிரி சொல்லாமல் இவளுக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்டிருந்தான். நியாயமான கேள்விதான். அதற்குச் சரியான பதில் கிடைக்காவிட்டால் மேஜர் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார், அவள் திரும்பி வரும்போது கிழவியாகியிருப்பாள்.

நிலையத்தை நெருங்கும்போது சாலையோரம் பனியில் மாடுகள் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. அத்தனையும் பெரிய குழாய் புதைத்த பட்டை நிலத்தின் மேல். தன் கல்லாப்பெட்டி மேல் தானே குண்டு போட எதிரிக்கு மனசு வராது என்று ஊருக்குத் தெரியும். சில பேர் பீப்பாயில் போட்ட முட்டைக்கோஸைக்கூட அங்கேதான் புதைத்து வைத்திருந்தார்கள்.

பவ்லீனா ஐம்பதைத் தாண்டியவள். அகலமான முகம், சாம்பல் நிற ஸ்வெட்டர், காதுக்கு மேல் சொருகிய பென்சில். சொந்த வீட்டுக் கூரை போன வருஷமே பறந்துவிட்டதால் நிலையத்தின் சமையலறைக்குப் பக்கத்து அறையிலேயே குடியிருந்தாள். வந்தவர்களைப் பார்த்ததும் அவள் பதறவில்லை. உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் துடைத்தாள். துடைத்த துணியில் அத்தனை தூசி. அந்த நாற்காலியில் யாரும் உட்கார்ந்து வெகுநாள் ஆகியிருந்தது.

பத்து மணிக்குப் போன் அடித்தது. ஹொர்தி இன்னொரு ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் ஒரு ஆண்குரல், இரண்டு இருமல், அப்புறம் எண்கள். இவளும் எண்கள் சொன்னாள். வணக்கம் இல்லை, நலமா இல்லை. வைத்துவிட்டார்கள்.

"அவருக்கு ஒரு வாரமா இருமல்," என்றாள் பவ்லீனா.

"பேர் என்ன?"

"தெரியாது. கேக்கக் கூடாதுன்னு உத்தரவு. ஆனா அது ஒண்ணுதான் ஒரு நாளைக்கு எனக்குக் கேக்கற மனுசக் குரல், ஹொர்தி லூகிச். இங்க யாரும் எங்கிட்டப் பேசறதில்ல. நான் எதிரிகிட்டப் பேசறவளாம்."

ஹொர்தியின் மனைவியும் மகளும் போலந்தில், விரோத்ஸ்வாஃப் நகரத்தில் இருந்தார்கள். முதலில் மணிக்கணக்கில் பேச்சு. இப்போது மகள் அங்கே குளிர் மைனஸ் நான்கு என்பாள், இவர் இங்கே மைனஸ் ஒன்பது என்பார். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றாது. எண்கள் சொல்லிவிட்டு வைத்துவிடுவது அவருக்கும் பழக்கம்தான்.

திமிஷ் வேனுக்குள் உட்கார்ந்து ரொட்டிமேல் பன்றிக்கொழுப்பை வைத்துத் தின்றுகொண்டிருந்தான். குழுவில் நான்கு பேரும் அங்கேதான் சாப்பிடுவார்களாம், அடுப்பங்கரைக்குப் போவதில்லையாம். ஆள் முரடன். கழுத்தில் செத்துப்போன தம்பியின் ஸ்கார்ஃப். தம்பியும் இதே குழுவில் இருந்தவன், இலையுதிர் காலத்தில் இதே மேட்டுச் சாலையில் போனவன். பவ்லீனா கூரை இழந்து நிலையத்துக்குக் குடிவந்தது அதற்குப் பிறகு.

ஹொர்தி மூன்று தடவையையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். முதல் தடவை டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று வாசலை மறித்தாள். இரண்டாவது தடவை ஏதோ ஸ்பானரைக் காணோம் என்று வேனையே காலி பண்ணவைத்தாள். மூன்றாவது தடவை வண்டிச் சாவியையே பக்வீட் மூட்டைக்குள் ஒளித்துவிட்டாள். எல்லாம் அவள் சமையலறையிலிருந்து வெளியே வந்த கையோடு நடந்தது.

"சாவிய எடுக்க நாலு தடிப்பசங்க தானியத்துக்குள்ள கைவிட்டுத் துழாவினோம்," என்றான் திமிஷ்.

"அன்னிக்காவது கை சுத்தமாச்சே," என்றாள் யாரினா.

ஹொர்தி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஸ்பானர் தேடிய அன்றைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பப் பார்த்தீர்கள் என்று கேட்டார். விடிந்த உடனே என்றான் அவன். அன்றைக்கு மருத்துவமனைக்குக் குழாய் போட வேண்டியிருந்தது, நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றான்.

அப்படியானால் பத்து மணிப் போன் வருவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மேஜர் ஒரு மாதமாகப் போன் பேச்சுப் பதிவுகளைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பாவம், அவர் தப்பான கிணற்றில் வாளி விட்டுக்கொண்டிருந்தார்.

"வேற ஏதாவது விசித்திரமா உண்டா?"

திமிஷ் யோசித்தான். இந்த ஊரே விசித்திரம்தான் என்றான். சனிக்கிழமை ஆனால் எந்த வீட்டிலும் சூடான சாப்பாடு கிடைக்காது, வெள்ளிக்கிழமையே சமைத்து வைத்துவிடுவார்கள், ஏன் என்று கேட்டால் வழக்கம் என்பார்கள். அவன் வேற்றூர்க்காரன். ஆறிப்போன போர்ஷ் சூப்புக்கு அவன் ஊரில் பன்றிதான் வாய் வைக்கும் என்றான்.

சமையலறைக்குள் நுழைந்ததும் யாரினா நேராக அடுப்பின் மேல் இருந்த பாத்திரத்தின் மூடியைத் திறந்தாள். அவளுக்குப் பசி.

"பாஸ், இது வெறும் தண்ணி. கம்பெனி சம்பளம் இவ்வளவு மோசம்னு எனக்குத் தெரியாது."

ஹொர்தியும் எட்டிப் பார்த்தார். காய் இல்லை, உப்பு இல்லை, பக்கத்தில் டீத்தூள்கூட இல்லை. வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் உதவிக்குழு கொடுத்த மின்சார அடுப்பு ஒன்று இருந்தது. அதில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. சமையல் மின்சாரத்தில் நடக்கிறது என்றால் கேஸ் அடுப்பு யாருக்காக எரிகிறது? பவ்லீனா உட்கார்ந்திருந்த நாற்காலி ஜன்னலைப் பார்த்து இல்லை, போனைப் பார்த்து இல்லை, அடுப்பைப் பார்த்துப் போட்டிருந்தது.

ஹொர்தி இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று பேரும் தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துப்பறிவது என்றால் துப்பாக்கியோடு ஓடுவது என்று நினைத்துக்கொண்டிருந்த யாரினாவுக்குக் கொட்டாவி வந்தது. வெளியே திமிஷின் ஆட்கள் வேனில் குழாய்களை ஏற்றும் சத்தம் கேட்டது. மேட்டுச் சாலைக்குத்தான் புறப்படுகிறார்கள்.

அப்போது தீ இறங்கியது. நீலமாக நிமிர்ந்து எரிந்தது சட்டென்று குறுகி, மஞ்சள் பாய்ந்து, பர்னரோடு ஒட்டிக்கொண்டது. தண்ணீரின் கொதிப்பு அடங்கிவிட்டது. யாரும் குமிழைத் தொடவில்லை.

ஹொர்தி தீயைப் பார்க்கவில்லை, பவ்லீனாவைப் பார்த்தார். அவள் பார்வை வாசல் பக்கம் போனது. வெளியே வேன் கிளம்ப உறுமியது. இப்போது எழுந்து போய்த் தடுத்தால் விசாரணை அதிகாரியின் கண்ணெதிரே தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்ட மாதிரி. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தால் அவள் தப்பித்துவிடலாம், நான்கு பேர் போய்விடுவார்கள். அவள் ஹொர்தியை ஒரே ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை, அலுப்புதான் இருந்தது. அப்புறம் ஸ்வெட்டரோடு பனியில் இறங்கி ஓடி, வேனுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டாள்.

திமிஷ் கத்தினான். அவள் நகரவில்லை. யாரினா போய்ச் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் எல்லோரும் முட்டாள்கள் மாதிரி பனியில் நின்றார்கள். அப்புறம் மேட்டுப் பக்கம் முதல் குண்டு விழுந்தது. தொடர்ந்து நிறைய விழுந்தன. வெட்டவெளியில் நின்ற ஒற்றை எல்ம் மரம் மண்ணோடு மேலே போய்க் கீழே வந்தது.

எல்லோரும் சமையலறைக்குத் திரும்பினார்கள், திமிஷும்கூட. அவன் வாசல்படியிலேயே நின்றுகொண்டான். ஹொர்தி இன்னமும் அடங்கியே எரிந்த தீயைக் காட்டிப் பேச ஆரம்பித்தார்.

"ஒரே குழாய்ல யாரோ ஒரு பெரிய அடுப்பத் திறந்தா மத்த வீட்டு அடுப்பெல்லாம் இறங்கிடும். இந்த ஊர்ல அவ்வளவு பெரிய அடுப்பு எங்கயும் கிடையாது. பள்ளிக்கூடமும் மூடிக் கிடக்கு. ஆனா சனிக்கிழமை சமைக்கறதில்லன்னு ஒரு வழக்கம் இருக்கு. முன்னாடி சனிக்கிழமை தோறும் யாரோ இந்தக் குழாய உறிஞ்சியிருக்காங்க. யாரும்மா அது?"

"குளியல் வீடு," என்றாள் பவ்லீனா.

சோவியத் காலத்துக் கூட்டுப்பண்ணையின் பொதுக் குளியல் வீடு, எல்லைக்கு அந்தப் பக்கம் க்ரீனிச்னே கிராமத்தில் இருந்தது. சனிக்கிழமை அதன் பாய்லரைப் பற்றவைத்தால் இரண்டு ஊரிலும் பெண்களுக்குச் சமையல் ஆகாது, திட்டித் தீர்ப்பார்கள். குழாய் போட்டபோது இரண்டும் ஒரே நாடு, அங்கே எல்லை என்று ஒன்று இல்லை. அதனால் வாயுவை உலகத்துக்கே விற்கிற நாட்டுக் கிராமத்துக்கு வாயு வருவது வெர்பிவ்கா வழியாகத்தான்.

யாரினா தொடையில் தட்டிக்கொண்டாள். ஆம்புலன்ஸ் ஓட்டிய காலத்தில் பீரங்கிப் படைக்காரர்களை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"பாஸ், அவனுங்க அந்தக் குளியல் வீட்டுலதான் தங்கியிருக்கானுங்க. அவ்வளவு பெரிய பாய்லர் சூடாக நேரமாகும். அதனால சுடப் போறதுக்கு முன்னாடியே பத்தவச்சுட்டுப் போறானுங்க. திரும்பி வந்தா வெந்நீர் தயார். நம்ம பசங்களும் அதத்தான் பண்ணுவாங்க. உளவாளியும் இல்ல, மண்ணும் இல்ல. குளிக்கற ஆசை."

திமிஷின் ஆட்களில் ஒருவன் வாய்விட்டுச் சிரித்தேவிட்டான். ஹொர்திக்கும் மனசு லேசாகியது. இந்த அம்மாள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்தாள், அவ்வளவுதான். மேஜரை வெறுங்கையோடு அனுப்பிவிடலாம். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

யுத்தம் தொடங்கிய வாரமே எல்லை தாண்டும் கிளைக் குழாய்களை எல்லாம் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. இந்தக் கிளையை மூடியாயிற்று என்று தகவல் கொடுத்தவள் பவ்லீனா. மூடியிருந்தால் அங்கே பாய்லர் எரியாது, இங்கே தீ இறங்காது. இவள் உளவாளி இல்லை. ஆனால் எதிரிப் படை குளிப்பதற்கு இரண்டு வருஷமாக வாயு கொடுத்தவள். சட்டத்தில் இரண்டுக்கும் தண்டனை ஏறத்தாழ ஒன்றுதான்.

"ஏம்மா மூடல?" என்று மெல்லக் கேட்டார்.

"என் தங்கச்சி ஸ்தெஃபா அங்க கட்டிக்குடுத்தவ. போன் செத்துப்போச்சு. உசுரோட இருக்காளா இல்லையான்னு சொல்ல ஒரு நாதி இல்ல. அவ வீட்டுல விறகடுப்பு கிடையாது. நான் மூடினா அவ விறைச்சுச் செத்துடுவா. சாயங்காலம் அந்த ஊர்ல எல்லாரும் சமைக்க ஆரம்பிச்சா இந்தத் தீ கொஞ்சம் சாயும். ரொம்ப இல்ல, கொஞ்சம்தான். அதுல ஒரு அடுப்பு அவளோடதுன்னு நான் நினைச்சுக்குவேன். எனக்கு வேற யாரு இருக்கா?"

யாரினா பாத்திரத்தின் மூடியை எடுத்து மறுபடி மூடி வைத்தாள்.

திமிஷ் வாசல்படியிலிருந்து நகர்ந்தான். சுவரில் சாய்த்து வைத்திருந்த நீளமான வால்வுச் சாவியை எடுத்தான்.

"என் தம்பியக் கொன்னவனுங்க, நம்ம கேஸுல வெந்நீர் போட்டுக் குளிச்சிருக்கானுங்க."

யாரும் பதில் சொல்லுமுன் அவன் வெளியே போய்விட்டான். ஆட்கள் ஹொர்தியைப் பார்த்தார்கள். அவர் தடுக்கவில்லை. ஈவிரக்கம் இல்லாமல் இல்லை. மேஜர் வரும்போது வால்வு மூடியிருந்தால் மூடியாயிற்று என்று பவ்லீனா அன்று கொடுத்த தகவல் உண்மையாகிவிடும், அவள் பிழைத்துக்கொள்வாள். திறந்திருந்தால் அவள் கதை முடிந்தது. அவளுக்கும் அது புரிந்தே இருந்தது. அவள் எழுந்து அடுப்பை அணைத்தாள். இனிமேல் பார்க்க ஒன்றும் இல்லை என்கிற மாதிரி நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மேஜர் மத்தியானம் வந்தார். இளவயசு, பளபளக்கும் பூட்ஸ், ஜலதோஷம். ஹொர்தி தயாராக வைத்திருந்ததைச் சொன்னார். பனிமூட்டம் இல்லாத காலைகளில் எதிரி மேட்டுச் சாலையில் சுடுகிறான், இந்த அம்மாள் பயந்த சுபாவம், வானம் தெளிந்தாலே குழுவை நிறுத்துகிறாள், ஒன்றும் விழாத நாட்களை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. குழு ஆட்களும் மாடு மாதிரி தலையாட்டினார்கள். மேஜருக்குப் பாதி நம்பிக்கை வந்தது. மீதிப் பாதிக்காக அவர் வரைபடத்தை விரித்து, க்ரீனிச்னே கிளையில் விரலை வைத்தார்.

"இது மூடியிருக்கா? இத நான் என் கண்ணால பாத்துட்டுத்தான் கிளம்புவேன். மூடலேன்னா அந்தம்மா என்கூட வர வேண்டியிருக்கும்."

வாருங்கள், காட்டுகிறேன் என்று ஹொர்தி தைரியமாகவே கூட்டிக்கொண்டு போனார்.

வால்வுக் குழி ஊருக்கு வெளியே, கருவேப்பிலை நிறத்தில் நின்ற பைன் மரங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. திமிஷ் குழி விளிம்பில் உட்கார்ந்திருந்தான், சாவி மடியில். பனியில் அவன் புகைத்துப்போட்ட சிகரெட் துண்டுகள் நிறையக் கிடந்தன. மேஜர் தார்ச்சாலையை விட்டு இறங்கவில்லை. அங்கிருந்தே, திருப்பிக் காட்டு பார்க்கலாம் என்றார்.

திமிஷ் குழிக்குள் இறங்கிச் சாவியைப் பொருத்தினான். முழு உடம்பையும் போட்டு அழுத்தினான். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. சாவி இம்மி அசையவில்லை.

"இறுகிக் கிடக்கு, ஐயா. ரெண்டு வருஷமா யாரும் தொடல."

மேஜர் மூக்கைச் சிந்தினார், தலையாட்டினார், வண்டியில் ஏறினார். புகார் தள்ளுபடி என்று ஹொர்தியிடம் கைகுலுக்கிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

ஹொர்தி குழிக்குப் பக்கத்திலேயே நின்றார். மேஜர் நின்ற தூரத்திலிருந்து தெரியாத ஒன்றை அவர் பார்த்திருந்தார். திமிஷ் சாவியை இடது பக்கம் அழுத்தினான். மூட வேண்டுமானால் வலது பக்கம். முழுசாக மூடிய வால்வை இன்னும் மூடப் பார்த்தால் அசையாது. முழுசாகத் திறந்த வால்வை இன்னும் திறக்கப் பார்த்தாலும் அசையாது. தள்ளி நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

"நீ மூடல," என்றார்.

திமிஷ் மேலே ஏறி வந்தான். ஸ்கார்ஃபால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மூடத்தான் சார் வந்தேன். கைய வச்சுட்டேன். அவனுங்க வெந்நீர் போடற சங்கதி எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா என் தம்பி இருந்திருப்பான். இப்ப மூடிட்டா நாளைக்கு இந்த மூணு பசங்கள எந்த தைரியத்துல மேட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன்? குளிச்சுத் தொலையட்டும் நாய்ங்க." கொஞ்சம் நிறுத்தினான். "நான் மூடிட்டேன்னு அந்தம்மா நினைச்சுக்கிட்டு இருக்கும். நீங்க சொல்லிடுங்க. நான் அதுகிட்டப் பேசியே ரொம்ப நாளாச்சு."

"யாரும் சொல்ல வேணாம்பா. சாயங்காலம் அங்க சமைக்க ஆரம்பிச்சா அவங்களே அடுப்பப் பத்தவச்சுப் பாத்துத் தெரிஞ்சுக்குவாங்க."

கூட வந்திருந்த யாரினா சிகரெட் துண்டுகளைக் காலால் பனிக்குள் தள்ளினாள். திமிஷ் நிலையம் இருந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வால்வுச் சாவியை யாரினா கையில் கொடுத்தான்.

"சாயங்காலம் வரைக்கும் அந்தம்மா தனியா உக்காந்திருக்குமே, சார்," என்று சொல்லிவிட்டு, வேனுக்குக்கூடக் காத்திராமல், பனியில் நடக்க ஆரம்பித்தான்.